டே கேர் வீட்டில் தீ ஒத்திகை: விளையாட்டாகவா, சொல்லிவிட்டா, திடீரென்றா?

வீட்டிலேயே ஏழெட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் தீ ஒத்திகை என்று பேச்செடுத்தால், "ரெண்டு வயசுக் குழந்தைக்கு என்னங்க புரியும், பயந்துதான் போகும்" என்பார்கள். கொஞ்சம் பேசிய பிறகு, "சரி, செய்யலாம், ஆனா எப்படி? முன்னாடியே சொல்லிட்டா, இல்ல திடீர்னா?" என்று கேட்பார்கள். இந்த இடத்தில் முடிவெடுக்க முடியாமல் மாதக்கணக்கில் ஒன்றுமே செய்யாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

தமிழ்நாட்டில் குழந்தை, தீ என்று சேர்த்துச் சொன்னாலே எல்லோர் மனதிலும் கும்பகோணம் வந்துவிடும். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் நடந்த இடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது, மாடியில் இருந்த குழந்தைகளுக்கு இறங்க இருந்த படியோ குறுகலானது. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கீற்று போய்விட்டது சரி. பக்கத்திலேயே அடுப்பு, இறங்க ஒரே ஒரு படி என்ற இரண்டும் இன்றைக்கும் பல அடுக்குமாடி டே கேர்களில் அப்படியே இருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளோடு செய்யும் தீ ஒத்திகையில் முக்கால்வாசி பெரியவர்களுக்கானது. குழந்தை பழக வேண்டியது மூன்றே மூன்று: சத்தம் கேட்டால் ஆன்ட்டியிடம் வர வேண்டும், கையையோ கயிற்றையோ பிடிக்க வேண்டும், ஒளிந்துகொள்ளக் கூடாது. மற்றதெல்லாம் உங்கள் வேலை. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இதை மறக்க வேண்டாம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் நேரம். வீட்டுக்குள் தீப்பிடித்தால் புகை பரவ அதிக நேரம் எடுக்காது, கையில் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியே வர முடியுமா என்பதை இந்த முறை காட்டுகிறதா?

இரண்டாவது, குழந்தை மனதில் என்ன தங்குகிறது, பழக்கமா பயமா? பயந்த சின்னக் குழந்தை கட்டிலுக்கு அடியிலோ பீரோ இடுக்கிலோ போய் ஒளியும். தீ விபத்துகளில் குழந்தைகளைத் தேடும் தீயணைப்பு வீரர்கள் அந்த மாதிரி இடங்களையும் பார்ப்பார்கள். அதனால் பயமுறுத்தும் ஒத்திகை வீண் என்பதோடு முடியவில்லை, தவறான பழக்கத்தையும் அது பழக்கிவிடும்.

மூன்றாவது, மோசமான நேரத்தைச் சோதிக்கிறதா? காலை பத்தரைக்கு எல்லோரும் விழித்து விளையாடும்போது வெளியே வருவது சுலபம். மதியம் ஒன்றரைக்குப் பாதிப் பேர் தூங்க, ஒருத்தன் பாத்ரூமில் இருக்க, ஆயா சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது?

நான்காவது, செலவு. பணம் இதில் பெரிதாக ஆகாது. தூக்கம் கெட்ட குழந்தைகள், பெற்றோரின் போன் கால்கள், பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பு, இவைதான் உண்மையான செலவு.

## வழி 1: கதை, பாட்டு, விளையாட்டு

ஒரு பெட்ஷீட்டை இரண்டு பெரியவர்கள் இடுப்பு உயரத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு "இதுதான் புகை, புகை மேலதான் இருக்கும், கீழே கீழே வாங்க" என்றால் குழந்தைகள் சிரித்துக்கொண்டே தவழ்ந்து போவார்கள். ஒருத்தி நடுவிலேயே படுத்துக்கொண்டு பெட்ஷீட்டைப் பிடித்து இழுப்பாள், இழுக்கட்டும். இரண்டரை வயது முதல் நாலு வயது வரை இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை. பயம் இல்லை, அழுகை இல்லை, பெற்றோருக்கு அனுப்ப நல்ல போட்டோவும் கிடைக்கும்.

இதில் மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, மணிச் சத்தமே விளையாட்டாகிப்போவது. இன்னொன்று, நாமே ஆர்வத்தில் அதிகமாகச் சொல்லிக்கொடுத்துவிடுவது. "நில், படு, உருளு" என்ற பாடம் துணியில் தீப்பிடித்தால் மட்டும் செய்ய வேண்டியது. மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த "மட்டும்" புரியாது. பிறகு மணி அடித்தால் வாசலுக்கு வருவதற்குப் பதில் தரையில் உருண்டுகொண்டிருக்கும். பொம்மைத் தீயணைப்பு வண்டி வைத்து விளையாடுவதிலும் இதே சிக்கல், நிஜத் தீயையும் அணைக்கப் போகலாம் என்று அதற்குத் தோன்றும். வா, பிடி, வெளியே. அவ்வளவு போதும்.

தவழ்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. புகை மேலே நிற்கும், அதனால் தவழ வேண்டும். சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். கேஸ் வாசனை வந்தால் தவழவிடாதீர்கள், தூக்கிக்கொண்டோ நிமிர்ந்து நடக்கவைத்தோ வெளியே கொண்டுபோங்கள், எந்த ஸ்விட்சையும் தொடாமல். இதைக் குழந்தைக்குப் புரியவைக்க முடியாது. எந்த நிலைமை என்று முடிவெடுத்து "தவழு" அல்லது "நட" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

## வழி 2: முன்கூட்டியே சொல்லிச் செய்யும் ஒத்திகை

முதல் நாளே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிடுங்கள். காலையில் குழந்தைகளிடம், "இன்னைக்கு மணி அடிப்பேன், அடிச்சதும் எல்லாரும் என்கிட்ட வந்துடணும், வெளிய போயிட்டு வரலாம்." அப்புறம் கைமணியை அடித்து, பொம்மையை அப்படியே போட்டுவிட்டு, செருப்பு தேடாமல் வெளியே போய், குறித்து வைத்த இடத்தில் நின்று, பெயர் சொல்லி எண்ணி, திரும்பி வந்து ஆளுக்கொரு பிஸ்கட். மணி அடித்தால் பிஸ்கட் என்று நினைத்து ஓடி வந்தாலும் நமக்கு நஷ்டமில்லை.

"ஆன்ட்டி, நெருப்பு வருமா?" என்று நாலு வயசுக்காரி கேட்பாள். "இப்ப வரலைடா கண்ணு. வந்தா எப்படிப் போறதுன்னு பழகிக்கிறோம். நான் உன்கூடவே இருப்பேன்." இவ்வளவு போதும். வரவே வராது என்று சத்தியம் செய்யாதீர்கள், எரிந்த வீட்டுக் கதையும் சொல்லாதீர்கள்.

நாலு வழிகளில் குழந்தைக்குப் பழக்கம் படிவது இதில்தான். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வீட்டு டே கேர் நடத்துகிறவர்கள் மாதம் ஒரு முறை இப்படிச் செய்து தேதி, நேரம், எத்தனை பேர் என்று எழுதி வைக்க வேண்டும் என்றே விதி. நம் ஊரில் யாரும் கேட்கப்போவதில்லை, நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மறைமுகச் செலவு? எல்லாம் சுமுகமாக நடந்து நமக்கு ஒரு பொய்யான நிம்மதி வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதே பத்தரை மணி, அதே வாசல், கிரில் கேட் ஏற்கெனவே திறந்திருக்கும், ஆயா தயாராக நிற்பார். மூன்று முறை ஆனதும் நேரத்தை மாற்றுங்கள். ஒருமுறை "இந்த வாசல் மூடியிருக்கு" என்று சொல்லிப் பின்வாசல் வழியாகப் போங்கள். நிற்கும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கேட்டுக்கு நேர் எதிரே நின்றால் தீயணைப்பு வண்டி வரும் வழியில் நிற்கிறீர்கள். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு சிமெண்ட் தரையிலும் நிற்க முடியாது. எதிர்வீட்டுத் திண்ணையோ ஒரு மரத்தடியோ, நிழலாக இருக்க வேண்டும்.

கயிறு பற்றி ஒரு வார்த்தை. பழைய துப்பட்டாவில் ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு ஆளுக்கொரு முடிச்சைப் பிடிக்கச் சொன்னால் சமதரையில் அருமையாக வேலை செய்யும். படியில் வேண்டாம். ஒரு குழந்தை தடுக்கினால் பின்னால் வருவதெல்லாம் சேர்ந்து விழும். படியில் கைப்பிடியும் பெரியவர் கையும்தான்.

## வழி 3: திடீர் ஒத்திகை

யாருக்கும் சொல்லாமல் மணியை அடிப்பது. கேட்க மிடுக்காக இருக்கிறது, பெரிய பள்ளிகளில் செய்வதைப் பார்த்து நாமும் செய்யலாம் என்று தோன்றும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இதை முதல் ஒத்திகையாக வைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. இரண்டு வயசுக்காரன் அலறுவான், அவன் அலறுவதைக் கேட்டு மற்றவை அலறும், ஒன்று பீரோ பின்னால் போய்விடும். அடுத்த சில நாட்கள் மதியம் ஒருத்தனும் நிம்மதியாகத் தூங்க மாட்டான். சாயங்காலம் பெற்றோர் வரிசையாகக் கேட்பார்கள். வாட்ச்மேன் ஒரு பக்கம் ஓடி வருவார்.

நிஜ நிலைமையைக் காட்டுவது இதுதான் என்பதில் சந்தேகமில்லை. அந்த லாபம் வேண்டுமென்றால் அதிர்ச்சியைக் குழந்தைகளுக்கு வைக்காதீர்கள். குழந்தைகளுக்குக் காலையிலேயே சொல்லிவிட்டு, ஆயாவுக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருங்கள். அவர் முதலில் எதை எடுக்கிறார், எந்தக் குழந்தையிடம் போகிறார் என்று பாருங்கள். முதலில் போனை எடுத்தால் அதைப் பற்றி இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

நாலு வயதுக்கு மேற்பட்டவர்கள் அதிகம் இருந்து, சொல்லிச் செய்யும் ஒத்திகை நன்றாகப் பழகியிருந்தால் திடீர் ஒத்திகை சரிவரும். அப்போதும் பொய்ப் புகை வேண்டாம், "நெருப்பு, நெருப்பு" என்று கத்தவும் வேண்டாம். மணி மட்டும்.

## வழி 4: அரிசிப் பை ஒத்திகை

இதை யாரும் செய்வதில்லை, போட்டோ எடுக்க இதில் ஒன்றும் இல்லை. எனக்கு இதுதான் முதலிடம்.

குழந்தைகள் இல்லாத நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று வையுங்கள், நீங்களும் ஆயாவும் மட்டும். ஒன்பது மாதக் குழந்தை சுமார் எட்டு ஒன்பது கிலோ இருக்கும், 10 கிலோ அரிசிப் பை ஏறக்குறைய அந்தக் கனம். ஒன்றைத் தூளியில் போடுங்கள், ஒன்றைப் பாயில் வையுங்கள். கிரில் கேட்டைப் பூட்டுங்கள், வழக்கமாக எப்படிப் பூட்டுவீர்களோ அப்படியே. போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு ஆரம்பியுங்கள்.

தூளியில் கிடக்கும் பை துணிக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும், எடுக்க இரண்டு கையும் வேண்டும். அதாவது இடுப்பில் ஏற்கெனவே ஒரு குழந்தை இருந்தால் தூளிக் குழந்தையை எடுக்க முடியாது. முதலில் தூளி, பிறகு பாய், என்ற வரிசை அங்கேயே முடிவாகிவிடும். அடுத்து பூட்டு. இரண்டு பையோடு நின்று சாவி தேடிப் பாருங்கள், சாவி ஆணியில் இல்லை, ஹேண்ட்பேகில் இருக்கிறது. கேட்டு உள்பக்கமாகத் திறக்கும், அந்த இடத்தில்தான் செருப்பு ஸ்டாண்டு. படி இறங்கினால் கீழே ஈபி மீட்டர் பெட்டி, அதை ஒட்டிச் சார்ஜில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். தீப்பிடிக்க வாய்ப்புள்ள இடமே உங்களுக்கு இருக்கும் ஒரே வழி.

இத்தனையும் எந்தக் குழந்தையும் அழாமல் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தீர்வும் பெரும்பாலும் சின்னதுதான். பூட்டுக்குப் பதில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், செருப்பு ஸ்டாண்டை இடம் மாற்றுவது, ஸ்கூட்டரைப் பற்றி அசோசியேஷனில் பேசுவது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

இதன் குறை வெளிப்படையானது: அரிசிப் பை கையை உதறாது, கழுத்தைக் கட்டிக்கொள்ளாது, ஓடாது. நடக்கிற குழந்தைகளைப் பற்றி இது எதுவும் சொல்லாது. தனியாகச் செய்தால் போதாது.

தூங்கும் நேரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகை அலாரத்தின் கீச்சுச் சத்தத்துக்குத் தூங்கும் குழந்தைகளில் பலர் எழ மாட்டார்கள் என்று ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே மணி அடித்தால் எழுந்து வருவார்கள் என்று நம்பாதீர்கள், தொட்டுத் தூக்கித்தான் எழுப்ப வேண்டும். யார் யாரை எழுப்புவது என்று பெயர் சொல்லிப் பிரித்துவையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | விளையாட்டு | சொல்லிச் செய்வது | திடீர் | அரிசிப் பை |
|---|---|---|---|---|
| நேரம் தெரியுமா | தெரியாது | ஓரளவு | நன்றாகத் தெரியும் | பெரியவர் வேகம் மட்டும் |
| குழந்தை மனதில் | சந்தோஷம், கொஞ்சம் குழப்பம் | பழக்கம் | பயம் | ஒன்றுமில்லை |
| தூங்கும் நேரம் | சோதிக்காது | நேரம் மாற்றினால் மட்டும் | சோதிக்கும், விலை அதிகம் | சோதிக்கும் |
| மறைமுகச் செலவு | மணியை விளையாட்டாக எடுப்பது | பொய்யான நிம்மதி | தூக்கம், பெற்றோர் நம்பிக்கை | ஒரு ஞாயிற்றுக்கிழமை |
| பொருத்தமான வயது | 2½ முதல் 4 | 2க்கு மேல் | 4க்கு மேல், பழகிய பிறகு | கைக்குழந்தை உள்ள வீடு |

தீயணைப்பு நிலையத்தாரை அழைப்பதைத் தனி வழியாக நான் எடுக்கவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம், 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக. அந்தச் சமயத்தில் பல இடங்களில் செயல்விளக்கம் நடக்கும், கேட்டுப் பாருங்கள். நீங்களும் ஆயாவும் தீயணைப்பான் பிடித்துப் பழக அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. முகமூடி போட்ட ஆளைப் பார்த்துச் சின்னக் குழந்தைகள் மிரளும், அதனால் ஒரு வீரரைக் குழந்தைகள் முன்னாலேயே ஹெல்மெட்டையும் முகமூடியையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

## மணியா, விசிலா, அலாரமா

எந்த ஒத்திகைக்கும் ஒரே சத்தம் வேண்டும். விசில் நம் வீடுகளில் சரிப்படாது, தினமும் குக்கர் மூன்று விசில் விடுகிறது. காலிங் பெல் வேண்டவே வேண்டாம். கேஸ் கசிந்த நேரத்தில் அந்த ஸ்விட்சில் வரும் சின்னப் பொறியே போதும், கரண்ட் போனால் அடிக்கவும் அடிக்காது. புகை அலாரம் கட்டாயம் மாட்டுங்கள், ஆனால் அடுப்புக்கு மேலே வேண்டாம். மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் கத்தி, கடைசியில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். ஹாலிலும் குழந்தைகள் தூங்கும் அறையிலும் மாட்டினால் போதும். குழந்தைகளைக் கூப்பிட ஒரு கைமணி, பூஜை மணியைவிடப் பெரியதாக, வாசலுக்குப் பக்கத்து ஆணியில்.

## உங்கள் வீட்டுக்கு எது

தரைத்தளம், நடக்கிற குழந்தைகள் மட்டும்: விளையாட்டில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் சொல்லிச் செய்யும் ஒத்திகைக்கு வந்துவிடுங்கள், பிறகு மாதம் ஒன்று. திடீர் ஒத்திகை தேவையே இல்லை.

கைக்குழந்தைகள் உள்ள வீடு: அரிசிப் பைதான் முதலில். ஒரே தடவையில் தூக்க முடியாத அளவுக்கு நடக்காத குழந்தைகள் இருந்தால் எந்த ஒத்திகையும் உதவாது. ஒருவர் இரண்டு பேரைத் தூக்கலாம், மூன்றாவதைத் தூக்க முடியாது. அப்படியானால் இன்னொரு ஆள் வேண்டும், இல்லை அட்மிஷனைக் குறைக்க வேண்டும். வருமானம் குறையும்தான், ஆனால் வேறு கணக்கு இதில் கிடையாது.

நீங்கள் ஒரே ஆள்: சொல்லிச் செய்வதை அடிக்கடி செய்யுங்கள், அதைவிட முக்கியமாகப் பக்கத்து வீட்டில் ஒருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மணிச் சத்தம் கேட்டால் அவர் படியருகே வந்து குழந்தைகளை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒத்திகைக்கும் அவரைக் கூப்பிடுங்கள். முட்டி வலியோடு மாமியார் வீட்டிலேயே இருந்தால் அவரையும் கணக்கில் சேருங்கள், நிறையப் பேர் மறந்துபோவது வீட்டு ஆட்களைத்தான்.

மாடி, ஒரே படி: இரண்டு ஒத்திகை பழக வேண்டும். ஒன்று இறங்குவது, லிப்டில் இல்லாமல். இன்னொன்று படியில் புகை இருந்தால் இறங்காமல் இருப்பது: எல்லோரையும் தெருப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துண்டு வைத்து, 101 அல்லது 112க்கு போன் செய்து ஜன்னலிலிருந்து கை காட்டுவது. குழந்தைகளுக்கு இதை "அறைக்குள்ள ஒக்காந்து கதை கேக்கறது" என்று பழக்கினால் போதும். அந்த அறையின் பால்கனி முழுக்கக் கம்பி அடித்துப் பூட்டியிருந்தால், திறக்கிற மாதிரி ஒரு கதவு வைத்துத் தரும்படி வீட்டு ஓனரிடம் இந்த மாதமே பேசுங்கள். சாவி அந்த அறையிலேயே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பெற்றோர் போன் நம்பர்களைத் தாளில் எழுதி ஒரு பிரதியை அந்த அறையிலும் இன்னொன்றை வாசல் மணிக்குப் பக்கத்திலும் மாட்டுங்கள், உங்கள் செல்போன் அப்போது சமையலறையில் சார்ஜில் இருக்கலாம்.